வேலி விறகு: ஆளாளுக்கு வெட்டுவதா, முறை வைப்பதா, குத்தகைக்கு விடுவதா?

தை பிறந்து அறுவடை ஓய்ந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள புஞ்சைக்காட்டு ஊர்களில் வேலி வெட்டும் பேச்சு கிளம்பிவிடும். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கமெல்லாம் வண்டிப்பாதையின் இரண்டு ஓரமும், ஓடைக்கரையும், தோட்டத்துப் பொழியும் (எல்லை வரப்பும்) முள்ளும் மரமுமாக அடர்ந்து நிற்கும் நேரம் அது. யார் வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, யாருக்குப் போவது என்பதில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. மகளிர் குழுவில் ஒரு கருத்து, ஊர்ப் பெரியவர்களிடம் இன்னொரு கருத்து, இடையில் லாரியோடு வந்து “மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், ஒரே வாரத்தில் சுத்தமாக்கித் தருகிறேன்” என்று கேட்கும் வியாபாரி.

என்னிடம் இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஆகவே வழிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன வரும், என்ன போகும் என்று பார்க்கலாம்.

கேஸ் வந்த பிறகு விறகு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் தொடங்கிய பிறகு ஏழை வீடுகளுக்கும் கேஸ் இணைப்பு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் இணைப்பு கிடைப்பது வேறு, மாதாமாதம் சிலிண்டர் நிரப்புவது வேறு. காலைக் காபியும் அவசரக் குழம்பும் கேஸில் நடக்கும். வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி, காதுகுத்து விருந்து என்று வந்தால் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி விறகைத்தான் வைக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, வேலி வேலியாக நிற்க வேண்டும். ஆடு மாடு உள்ளே வராமல் தடுப்பதும், ஆடிக்காற்றை உடைப்பதும், மழையில் பொழி கரையாமல் மண்ணைப் பிடிப்பதும்தான் அதன் முதல் வேலை. விறகு அதற்கு அப்புறம். ஒரு சுமை விறகுக்காகத் திறந்துவிட்ட இடைவெளியில் ஓர் இரவு ஆட்டுக்கிடை புகுந்தால், அந்தப் போகத்துத் துவரை போயே போச்சு.

இரண்டாவது, வெட்டியது மறுபடி தழைக்க வேண்டும். விறகுக்கு உதவும் வேலி மரங்களில் பெரும்பாலானவை தூரிலிருந்து, அதாவது அடிக்கட்டையிலிருந்து, துளிர்த்து வரக்கூடியவை. கணுக்கையளவு பருமனுக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் மறுபடி கை வைத்தால் விறகு கிடைக்காது, சுள்ளிதான் கிடைக்கும்.

மூன்றாவது, விறகு கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறது என்பது. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். சொந்த நிலம் இருப்பவருக்குத் தன் வரப்பே போதும். நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள், கணவனை இழந்தவர்கள், கட்டு விறகு விற்று அரிசி வாங்கும் கிழவிகள் எல்லாம் ஊர் வேலியில் காய்ந்து கிடக்கும் சுள்ளியை நம்பித்தான் இருக்கிறார்கள். எந்த ஏற்பாட்டிலும் அவர்களுடைய பங்கு ஏட்டில் எழுதப்படுவதில்லை. அதனால் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

அப்புறம் உழைப்பு, சட்டம், பணம். முள் வெட்டுவது சாதாரண வேலை இல்லை. ஒருவர் கவைக்கம்பால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அரிவாளைப் போட வேண்டும். தனியாளாகச் செய்தால் பாதி நேரம் முள்ளோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். சட்டத்தைப் பொறுத்தவரை, பட்டா நிலத்து வேலி பட்டாதாரருடையது. வண்டிப்பாதையும் ஓடையும் புறம்போக்காக இருந்தால் அரசு நிலம். பெரிய கண்மாய்க்கரை நீர்வளத்துறையிடம் இருக்கும், சிறிய கண்மாய்க்கரை ஊராட்சி ஒன்றியத்திடம், பெரிய சாலையோரம் நெடுஞ்சாலைத்துறையிடம். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகவே யாருடையது என்பதை விஏஓவிடம் அ-பதிவேட்டை (ஊர் நிலப் பதிவேட்டை) பார்த்து உறுதி செய்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள். வேலியில் பனை நின்றால் அதைத் தொடவே வேண்டாம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது. மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் தானாகவே விழுகின்றன, அவையே நல்ல எரிபொருள்.

## வேலியில் என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

எந்த வழி சரி என்பதை வேலியே பாதி சொல்லிவிடும். ஒரு நாள் காலை, ஊரில் மரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வேலி நெடுக நடந்து பாருங்கள்.

சீமைக்கருவேலம் மட்டும் மண்டிக் கிடந்தால் அது ஒரு கணக்கு. நின்று எரியும், கங்கு நன்றாக விழும், பச்சையாக இருந்தாலும் ஓரளவு பற்றும். அடுப்புக்கு இதைவிட நல்ல விறகு கிடைப்பது கடினம். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் வேலியோடு நிற்காது. நெத்தைத் தின்ற ஆடு புழுக்கை போடும் இடமெல்லாம் முளைத்து, ஐந்தாறு ஆண்டில் புஞ்சைக்குள்ளும் ஓடைக்குள்ளும் இறங்கிவிடும்.

கலப்பு வேலி வேறு கணக்கு. உசிலை, விடத்தேரை, வெள்வேல், கருவேலம், வேம்பு, பூவரசு எல்லாம் நல்ல விறகு. அவற்றில் உசிலைக்கு இலையிலும் வருமானம் உண்டு. தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு அந்த இலையைத்தான் உருவிக் காயவைத்து இடிக்கிறார்கள். இலை எடுப்பவர்களைக் கேட்காமல் உசிலையை மொட்டையடித்தால் ஒரு வீட்டின் வரும்படியையும் சேர்த்து வெட்டுகிறோம். கொடுக்காப்புளி வேகமாகத் தழைக்கும், காயும் கிடைக்கும், ஆனால் புகை அதிகம். வெந்நீர் அடுப்புக்குச் சரி, சமையலறைக்குள் வேண்டாம். கிளைரிசிடியா நட்ட வேலியில் தழை உரமும் கிடைக்கும், மெல்லிய விறகும் கிடைக்கும்.

கிளுவையும் ஒதியனும் போத்து (வெட்டிய கம்பு) நட்டால் பிடித்துக்கொள்ளும், வேலிக்கு அருமையானவை. விறகுக்கு ஆகாது. தக்கை மாதிரி எரிந்து அடங்கிவிடும். அவற்றை வெட்டினால் அந்தக் கம்பையே இடைவெளியில் ஊன்றிவிடுங்கள்.

சிலவற்றை எரிக்கவே கூடாது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, அதன் புகையும் கெடுதல், அந்தக் கட்டையில் சமைக்கக் கூடாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் காட்டிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

செம்போத்தும் தவிட்டுக்குருவியும் கீரியும் இந்த வேலியில்தான் குடியிருக்கின்றன. அரிவாளை ஓங்குமுன் கொப்புக்குள் கூடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. கூடு இருந்தால் அந்தத் தூரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

## வழி ஒன்று: அவரவர் தேவைக்கு அவரவர் வெட்டிக்கொள்வது

இன்றைக்கும் பெரும்பாலான ஊர்களில் நடப்பது இதுதான். கூட்டம் வேண்டாம், நோட்டு வேண்டாம். விறகு தீர்ந்தால் அரிவாளையும் சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வேலி நீளமாக இருந்து வீடுகள் குறைவாக இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை.

பேச்சும் சுலபம். “மதினி, ஒங்க வேலிக் கொப்பு எங்க பிஞ்சைல சாஞ்சு கெடக்கு, நானே வெட்டி எடுத்துக்கிறேன்” என்றால், “எடுத்துக்கங்க, ஆனா அந்த வேம்பை மட்டும் விட்டுருங்க” என்று பதில் வரும். இந்த வாய்மொழி ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கிறது. நிலம் கைமாறும்போதுதான் அறுந்துபோகிறது. மதுரையிலிருந்து யாரோ வாங்கி, வேலியைத் தள்ளிவிட்டுக் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டினால், அந்தப் பேச்சைச் சொல்லிக் கேட்க ஆள் இருக்காது.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு தூரத்தில் இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் பக்கத்து வேலியில்தான் முதலில் கை வைப்பார்கள். அது மொட்டையாகும், அடுத்தது மொட்டையாகும், கடைசியில் வயதானவர்கள்தான் தொலைவுக்கு நடந்து சுமக்க வேண்டி வரும். அடுத்து, வெட்டும் உயரம். முள்ளுக்குள் குனிவது சிரமம் என்று இடுப்பு உயரத்தில் வெட்டிவிடுவார்கள். அடியில் காய்ந்த முண்டு நிற்கும், மேலே துடைப்பம் போலச் சிம்பு கிளம்பும். கீழே ஆடு நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். நாலைந்து ஆண்டில் அது வேலியும் இல்லை, விறகும் இல்லை.

மழைக்காலத்துக்கு இருப்பு இல்லாமல் போவது இன்னொரு குறை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பது அன்றாடம் வெட்டி அன்றாடம் எரிக்கும் வீடுகளில்தான்.

## வழி இரண்டு: வேலியைப் பங்கிட்டு முறை வைத்து வெட்டுவது

ஊர் வேலியை நான்கு பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் வெட்டுவது. ஐந்தாம் ஆண்டு முதல் பகுதிக்குத் திரும்பினால் அது மறுபடி தயாராக நிற்கும். கரும்பை வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தழையவிட்டு மறுதாம்பு எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நேரம் தை கடைசியும் மாசியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், காட்டு வேலை குறைந்திருக்கும். மாசியில் வெட்டியது பங்குனி, சித்திரை வெயிலில் காயும். கோடைமழை விழும்போது தூர் துளிர்த்துவிடும்.

வெட்டும் விதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் பக்கவாட்டு முள்ளைக் கழித்துத் தூர் தெரியும்படி வழி செய்துகொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே, கீழிருந்து மேலாகச் சாய்த்து, ஒன்றிரண்டு வெட்டில் விழ வேண்டும். மேலிருந்து கீழே ஓங்கினால் தூர் பிளந்து, பிளவில் தண்ணீர் தேங்கி அழுகும். சாய்ந்த வெட்டில் மழைநீர் வழிந்துவிடும். அரிவாள் கூராக இருந்தால் பட்டை கிழியாது, பட்டை கிழியாவிட்டால் துளிர் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலிருந்து சுற்றிலும் கிளம்பும். அடுத்த தைக்கு முன் ஒரு தூருக்கு இரண்டு மூன்று நல்ல கொப்பை விட்டு மற்றதைக் கழித்துவிட்டால், மிஞ்சியது விறகுப் பருமனுக்கு வரும். எல்லாவற்றையும் விட்டால் எல்லாமே சிம்பாகத்தான் நிற்கும்.

கழித்த முள்ளை எரிக்காதீர்கள். வெட்டிய பகுதியில் அதையே அடைப்பாகப் போட்டால் துளிர் எழும்வரை ஆடு வராது. வேம்பு, பூவரசு, கொடுக்காப்புளித் துளிரை ஆடு விட்டுவைக்காது. இடைவெளிகளில் மழைக்கு முன்பாகக் கிளுவைப் போத்து ஊன்றிவிடலாம்.

பங்கு பிரிப்பதற்குக் குலுக்கல் நல்லது. ஆண்டுப் பகுதியைச் சமமான துண்டுகளாகக் கயிறு போட்டு அளந்து, வீட்டுக்கு ஒன்றாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் ‘அவளுக்கு நல்ல பக்கம்’ என்ற பேச்சு வராது. வெட்ட முடியாத வயதானவர்கள் பங்கை யாராவது வெட்டிக் கொடுத்துவிட்டு அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்து காய்ந்த சுள்ளிக்கு முறையே கிடையாது, நான்கு பகுதியிலும் ஆண்டு முழுவதும் யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நிலம் இல்லாதவர்களும் வேலியின் பங்காளிகளாவது அந்த ஒரு வரியால்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நடுத்தரமான இடத்தில் 10 மீட்டர் வேலியை மட்டும் முதலில் வெட்டி, காயவைத்து, நிறுத்துப் பாருங்கள். முழுச் சமையலும் விறகில் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ ஆகும். நான்கு பேர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வரும். வெந்நீருக்கும் விசேஷத்துக்கும் மட்டும் என்றால் இதில் சிறு பகுதிதான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலி எத்தனை வீட்டைத் தாங்கும் என்பது தெரிந்துவிடும். தாங்காது என்று தெரிந்தால் அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

காய்ந்ததா என்பதை நாள் கணக்கில் சொல்ல முடியாது. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம். வெட்டுமுகத்தில் வெடிப்பு விழுந்து, பட்டை கையோடு உரிந்து வந்தால் அடுக்கலாம். பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர்தான். அதைச் சுமப்பதும் வீண், எரிப்பதும் வீண்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று ஆண்டு கையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் முக்கால்வாசி வேலி மூடிக் கிடக்கும். அந்தக் காலத்தில் தேவைக்குத் தட்டுப்பாடு வந்து, இரவில் மூடிய பகுதியில் கை வைப்பவர்கள் வருவார்கள். கணக்கெழுதும் பெண்ணுக்கு வேலையும் மனத்தாங்கலும் சேர்ந்து வரும், அவருக்குக் கூடுதலாக ஒரு பங்கு கொடுப்பது நியாயம். ஆண்டுக்கொரு முறை வெட்டுவதால் மொத்த விறகையும் மழை படாமல் அடுக்க வீட்டில் இடம் வேண்டும். தரையில் இரண்டு கல், அதன்மேல் குறுக்கே கம்பு, அப்புறம் விறகு என்று அடுக்காவிட்டால் அடிவரிசை கரையான் தின்றுவிடும்.

முள் காயமும் செலவுதான். சீமைக்கருவேல முள் குத்தினால் முனை உள்ளேயே ஒடிந்து சீழ் வைக்கும், நடக்க முடியாமல் கூலி போகும். தோல் கையுறை, பழைய டயரில் தைத்த கனமான செருப்பு, டி.டி. ஊசி (தனுர்வாதத் தடுப்பூசி) மூன்றுக்கும் குழுப் பணத்தில் ஒதுக்குங்கள்.

## வழி மூன்று: மொத்தமாகக் குத்தகைக்கு விடுவது

வியாபாரி கேட்பது பெரும்பாலும் சீமைக்கருவேலத்தைத்தான். பருமனான கட்டை மதுரை விறகுக் கடைகளுக்கும், ஹோட்டல் அடுப்புகளுக்கும், செங்கல் சூளைக்கும் போகும். மற்றது விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டத்துக்குப் போகும்.

1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. வறட்சியிலும் விறகு தரும் என்று வரவேற்றுப் பரப்பியதை இன்று அகற்றப் பாடுபடுகிறோம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டித் தென்மாவட்டங்களில் அகற்றும் வேலை வேகமெடுத்தது, பிறகு வழக்கு சென்னைக்குப் போய் அந்த வேகம் தடைபட்டது. 2022-இல் மாநில அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆகவே கண்மாய், ஊருணி, வரத்துக்கால் இவற்றை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை எடுக்கக் குத்தகையே சரியான வழி. அது அரிவாளால் முடிகிற வேலை இல்லை. அடித்தூரை மண்ணுக்குள் ஓர் அடி ஆழம் வரை தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும். தூர் போனாலும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் முளைத்துக்கொண்டிருக்கும்.

வேலிக்கு இதைச் செய்யும்போதுதான் எனக்கு மனசு ஒப்புவதில்லை. ஜேசிபி இறங்கினால் முள் மட்டும் போகாது, பொழியும் போகும். நடுவில் நிற்கும் வேம்பு, உசிலை, புளியங்கன்று எல்லாம் ஒரே வாளியில் போய்விடும். ஒப்பந்தத்தில் சீமைக்கருவேலம் என்று இருக்கும், லாரியில் ஏறியதை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பருமனான கட்டையை ஏற்றிக்கொண்டு முள்ளைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்புறம் அந்த ஆண்டு முழுவதும் சைக்கிளுக்கும் பைக்கிற்கும் பஞ்சர்.

பெரிய இழப்பு இன்னொன்று. குத்தகைப் பணம் ஊர்ப் பொதுவில் சேரும். கோயில் திருப்பணிக்கோ பாதைக்கோ பயன்படும், சரி. ஆனால் விறகு இல்லாமல் போவது நிலமில்லாத வீட்டு அடுப்பில். அந்த வீட்டுக்காரர் பொதுப்பணத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர் இல்லை.

குத்தகைக்கு விட்டே ஆக வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும். விடவேண்டிய மரங்களுக்கு முன்கூட்டியே சுண்ணாம்புப் பட்டை அடிப்பது. தூரோடு எடுப்பது, குழியை மூடுவது. கைப்பருமனுக்குக் கீழான கொப்பு அனைத்தும் ஊராருக்கே என்பது. முன்பணத்தில் ஒரு பகுதியை வேலை முடிந்து பார்த்த பிறகே திருப்புவது. புறம்போக்கு என்றால் முறையான ஏலம், ரசீது. எடுத்த இடத்தில் அந்த மழைக்கே கிளுவையோ நொச்சியோ வேம்போ நட ஆள் யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வெறும் நிலமாக விட்டால் முதல் மழைக்கே சீமைக்கருவேலம் திரும்ப வந்துவிடும்.

## வழி நான்கு: வேலியை விட்டுவிட்டு வாங்கி எரிப்பது

டவுன் ஓரத்து ஊர்களுக்கு இது பொருந்தும். கணக்கு எளிது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று கொடுக்கும் சமையல் சூட்டை மூன்று கல் அடுப்பில் எடுக்க 150 முதல் 230 கிலோ காய்ந்த விறகு வேண்டும், ஏனென்றால் அந்த அடுப்பில் பத்துப் பங்கு சூட்டில் ஒன்று ஒன்றரைப் பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. புகை குறைந்த நல்ல அடுப்பாக இருந்தால் 100 கிலோ அளவுக்கு இறங்கும். உங்கள் ஊர் விறகுக் கடை விலையில் இதைப் பெருக்கிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்குகிற விறகு பெரும்பாலும் கேஸைவிட மலிவாக வராது. வெட்டவும் சுமக்கவும் ஆகும் நேரத்துக்குக் கூலி போட்டால் இன்னும் மோசம்.

அதனால் அன்றாடச் சமையலுக்குக் கேஸ், வெந்நீருக்கும் பெரிய அடுப்புக்கும் வேலி விறகு என்று பிரித்துக்கொள்வதுதான் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. புகை படிந்த சமையலறையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதும் நிலைமை எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது.

## ஒரே பார்வையில்

| | ஆளாளுக்கு | முறை வெட்டு | குத்தகை | வாங்குவது |
|---|---|---|---|---|
| வேலி நிற்குமா | வீட்டுப் பக்கம் நிற்காது | நிற்கும், அடைப்புப் போட்டால் | பெரும்பாலும் போய்விடும் | வெட்டாமல் மண்டும் |
| மறு தழைவு | ஒழுங்கில்லை | நன்று | தூர் எடுத்தால் இல்லை | பொருந்தாது |
| நிலமில்லாதவர் பங்கு | வாய்மொழியில் | எழுதினால் உறுதி | எழுதாவிட்டால் இல்லை | இல்லை |
| உழைப்பு | ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக | தை, மாசியில் மொத்தமாக | வியாபாரியுடையது | இல்லை |
| மறைமுகச் செலவு | தூரம், ஈர விறகு | முதல் மூன்று ஆண்டு, சேமிப்பிடம் | பொழி, நல்ல மரங்கள், பஞ்சர் | மாதாமாதம் காசு |

## எந்த ஊருக்கு எது

முப்பது நாற்பது வீட்டுக்குள், நீண்ட கலப்பு வேலி, எல்லோரும் உறவுமுறை என்றால் இருக்கிற ஏற்பாட்டையே தொடரலாம். வெட்டும் உயரத்தையும் மாதத்தையும் மட்டும் பேசி ஒத்துக்கொண்டால் போதும்.

வீடுகள் அதிகம், வேலி குறைவு, விறகுக்குப் பெண்கள் தொலைவு நடக்கிறார்கள் என்ற நிலை வந்துவிட்டால் முறை வெட்டைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மகளிர் குழு ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஊரில் இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சேமிப்புக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு விறகுக் கணக்கு பெரிய விஷயமில்லை.

கண்மாயும் ஓடையும் முள்ளால் அடைபட்டுக் கிடந்தால் அதை மட்டும் குத்தகைக்கு விடுங்கள். அதோடு ஊர் வேலியையும் சேர்த்து ஒரே விலை பேச வியாபாரி முயல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்மாய்க்குள் எடுப்பதில் கிடைக்கும் கொப்பு விறகை ஊர் வாங்கி அடுக்கிக்கொண்டால், முறை வெட்டின் முதல் இரண்டு ஆண்டுத் தட்டுப்பாட்டை அது தாண்டிக் கொடுக்கும். இரண்டு வழியையும் இப்படிச் சேர்த்துச் செய்வதுதான் மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களுக்கு நான் சொல்லும் யோசனை. வைகைப் பாசனத்துச் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னை மட்டையும் பாளையும் சிரட்டையும் தாராளம். அங்கே வேலியை விறகுக்காகத் தொட வேண்டிய தேவையே குறைவு.

முறை வெட்டுக்குப் போகிறவர்கள் கார்த்திகைக்குள் கூட்டம் போட்டுவிடுங்கள். தை வந்துவிட்டால் அவரவர் அரிவாள் எடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் வேலியின் வரைபடத்தை ஒரு சார்ட்டில் போட்டு, நான்கு பகுதிக்கும் நான்கு நிறம் கொடுத்து, ரேஷன் கடைச் சுவரிலோ நூலகத்திலோ ஒட்டி வையுங்கள். முதல் ஆண்டுக்கு ஊரிலிருந்து தள்ளி இருக்கும் பகுதியை எடுங்கள். அங்கேதான் பருமனான விறகு நிற்கும், டிராக்டர் வாடகையைப் பொதுவில் போட்டு ஒரே நாளில் ஏற்றிவந்துவிடலாம். வீடுகளுக்குப் பக்கத்துப் பகுதி ஏற்கெனவே ஒட்ட வெட்டப்பட்டுக் கிடக்கும், அதை நான்காம் ஆண்டுக்கு வைத்துவிட்டு, இந்த மழையிலேயே அதன் இடைவெளிகளில் போத்து ஊன்றத் தொடங்குங்கள்.